டீக்கு ஸ்ட்ராங், மழைக்கு ஹெவி, பனிக்கு என்ன?

எல்லோருக்கும் வணக்கம். நான் தெரிகிறேனா? எனக்குப் பின்னால் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது, நம்புங்கள். காலை ஏழு மணி, கோத்தகிரி ரோடு, பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. இந்தப் பனிக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை ஜோடி சேர்ப்பது? அங்கே வருவதற்கு முன்னால் என் கதை ஒன்று.

முன்பு குன்னூரில் ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை பார்த்தேன். முதல் வாரமே இங்கிலாந்திலிருந்து வயதான தம்பதி வந்தார்கள். பவ்வியமாகப் போய், "ஹெவி டீ ஆர் லைட் டீ?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா, "வி ஹேவ் ஜஸ்ட் ஹேட் லன்ச்" என்றார். ஏதோ பலகாரத்தோடு வரப்போகிறது என்று நினைத்துவிட்டார் பாவம்! நம் கடையில் 'ஒரு லைட், ஒரு ஸ்ட்ராங்' என்றால் மாஸ்டருக்குப் புரியும். அவர்களுக்கு ஸ்ட்ராங்குக்கு எதிர்ப்பக்கம் வீக். "டூ யூ லைக் யுவர் டீ ஸ்ட்ராங் ஆர் வீக்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

இலக்கணம் தப்பில்லை, சொல் தப்பில்லை, ஜோடிதான் தப்பு. சொற்கள் இப்படி வழக்கமாக ஜோடி சேர்வதை கொலொகேஷன் என்பார்கள். ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்து அறியலாம் என்று ஜே. ஆர். ஃபிர்த் என்ற மொழியியலாளர் 1957இல் எழுதினார். அவரிடம் படித்த ஹாலிடே 1966இல் எடுத்துக்கொண்ட உதாரணமே டீதான். ஸ்ட்ராங் டீ உண்டு, பவர்ஃபுல் டீ கிடையாது. காருக்கு அப்படியே தலைகீழ். நமக்கு மட்டும் என்னவாம்? மழை பெய்யும், காற்று வீசும், வெயில் அடிக்கும். 'வெயில் வீசுது' என்றால் சிரிப்போம் இல்லையா?

சில ஜோடிகள் நம் தமிழோடு அப்படியே ஒத்துப்போகும். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால் வானிலை மையம் கனமழை என்கிறது, ஆங்கிலத்திலும் ஹெவி ரெய்ன். அந்தத் தைரியத்தில் ஹெவி விண்ட் என்று சொல்லிவிடுகிறோம். காற்றுக்கு ஸ்ட்ராங்: "எ ட்ரீ ஃபெல் இன் தி ஸ்ட்ராங் விண்ட்." இதோ இந்தப் பனிக்கு திக், இல்லையென்றால் டென்ஸ்: "வி டிரோவ் ஸ்லோலி இன் தி திக் ஃபாக்." சீசனில் ஊட்டி ரோட்டில் நிற்பது மறுபடி ஹெவி டிராஃபிக். இடி விழுந்தாலும் எழுந்திருக்காத என் அண்ணன் ஹெவி ஸ்லீப்பர்.

நம்மை அதிகம் கவிழ்ப்பது 'பண்ணு'. தப்பு பண்ணினேன், போன் பண்ணினேன், ஹோம்வொர்க் பண்ணினேன், எல்லாவற்றுக்கும் ஒரே பண்ணு. உடனே "ஐ டிட் எ மிஸ்டேக்" என்கிறோம். அது "ஐ மேட் எ மிஸ்டேக்." போனும் மேக் எ கால்தான், ஹோம்வொர்க் மட்டும் டூ. உருவாக்கினால் மேக், செய்தால் டூ என்று விதி சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. "மேக் தி பெட்" என்று முதல் நாள் சொன்னபோது கட்டில் செய்யச் சொல்கிறார்களா என்று முழித்தவள் நான். போர்வையை உதறி, படுக்கையை ஒழுங்காக விரிப்பதற்கு அப்படிச் சொல்கிறார்கள். அதனால் விதியை விட்டுவிட்டு, ஜோடியை முழு வாக்கியமாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போட்டோ எடுப்பது டேக் எ போட்டோ, பஸ் பிடிப்பது கேட்ச் எ பஸ். இந்த இரண்டிலும் தமிழே கைகொடுக்கும்.

எனக்குப் பிடித்த சொல் பிரிஸ்க். தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள், நாக்கில் உயிரோட்டமாக நிற்கும் டீயை அப்படிச் சொல்வார்கள். அது இல்லாத டீ ஃப்ளாட். சுகர் வந்தால் டாக்டர் சொல்வதும் "கோ ஃபார் எ பிரிஸ்க் வாக்." வியாபாரம் ஜரூராக நடந்தால் பிரிஸ்க் பிசினஸ். பஸ்ஸுக்கு பிரிஸ்க் சேராது, ஃபாஸ்ட்தான். நம் கொண்டை ஊசி வளைவுகளில் அதுவும் சேராது.

அட, பனி விலகுகிறது. ஆங்கிலத்தில் இது விலகாது, மேலே எழும்பும்: "தி ஃபாக் இஸ் லிஃப்டிங்." இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். தோட்டம் தெரிகிறதா?