பிள்ளை அழுதால் அப்பாவும் எழும்பட்டும்

கைப்பிள்ளையோடு வந்திருக்கிற தாய்மாருக்கும், கதவோரம் நிற்கிற தம்பிமாருக்கும் வணக்கம். தம்பிமாரே, முன்னால் வாருங்கள். இன்றைய பேச்சில் பாதிக்கு மேல் உங்களுக்குத்தான்.

பிறந்து இரண்டு வாரம் சமர்த்தாகத் தூங்கிய பிள்ளை அப்புறம் அழத் தொடங்கும். ஆறாவது வாரமளவில் அது உச்சம். பெரும்பாலும் பொழுது சாய்கிற நேரம். பால் குடித்திருக்கும், துணி ஈரமில்லை, காய்ச்சல் இல்லை; ஆனாலும் முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கி வீறிடும். மூன்று நான்கு மாதத்தில் தானாகவே குறையும். எடை ஏறி, நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிற பிள்ளைக்குப் பால் போதாமல் இல்லை.

தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில், இதை யார் நம்புகிறார்கள்? நடுச்சாமத்தில் பிள்ளை அழுதால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "ஏன் புள்ள, பால் இல்லையா?" என்று குரல் வரும். விடிந்ததும் ஒருவர் சீனித் தண்ணீர் என்பார், ஒருவர் வசம்பு என்பார், இன்னொருவர் கண்ணூறு என்பார். கண்ணூறு கழிப்பதோடு எனக்குச் சண்டையில்லை, மிளகாய்ப் புகை மட்டும் பிள்ளைப் பக்கம் வரக்கூடாது. சீனியும் வசம்பும் வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

தாயின் கணக்கையும் பாருங்கள். பிரசவ லீவு 12 வாரம், அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்னாலேயே போய்விடும். அழுகை ஓய்வதற்குள் கூடை மறுபடி தலையில் ஏறிவிடுகிறது. இரவு முழுக்க விழித்தவள் காலையில் மலை ஏறிக் கொழுந்து பறிக்க வேண்டும்.

அதனால் தம்பிமாரே, சட்டையைக் கழற்றுங்கள். நாப்பியோடு மட்டும் பிள்ளையை நெஞ்சில் நிமிர்த்தி அணைத்து, அதன் முதுகைக் கம்பளியால் போர்த்தி, முகமும் மூக்கும் வெளியே தெரிய, அடுப்புப் புகை வராத பக்கம் மெதுவாக நடங்கள். நம் ஊர்க் குளிருக்கு உங்கள் உடம்புச் சூடே பெரிய காரியம். பால் கொடுக்க மட்டும் தாயை எழுப்பினால் போதும். உங்களுக்குத் தூக்கம் வந்தால் பிள்ளையைத் தனியாக மல்லாத்திப் படுக்க வையுங்கள், நெஞ்சில் வைத்தபடி கதிரையில் கண்ணயராதீர்கள்.

ஒரு கட்டத்தில் ஆத்திரம் வரும். நல்ல தாய்க்கும் வரும். அப்போது பிள்ளையைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்குப் போங்கள், முகத்தைக் கழுவுங்கள், பத்து நிமிடத்துக்குள் திரும்பி வாருங்கள். அழுது பிள்ளை சாகாது. உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும், கண் போகும், உயிரும் போகலாம்.

பிள்ளை பெற்றவள் இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், சாமி பார்க்கப் போகிறவர்கள் போங்கள், ஆனால் மிட்வைஃப் மிஸ்ஸிடமும் சொல்லுங்கள். மனநல உதவிக்கான 1926 என்ற நம்பருக்கு அடித்தும் பேசலாம்.

மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு போதல், பச்சையாக வாந்தி, மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் நம் தோட்டத்து ரோட்டில் அது ஏறி வர நேரமாகலாம். ராத்திரியில் மெயின் ரோடு வரை இறக்கிவிட யாருடைய ஆட்டோ வரும் என்று இன்றைக்கே பேசி, அந்த நம்பரைக் கதவுக்குப் பின்னால் எழுதி வையுங்கள்.