பாகம் மாற்றுவதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள்

வணக்கம் நேயர்களே. பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நம் பினாங்கில் பல வீட்டு வாசலில் இன்னும் ஒன்று நிற்கிறது. அப்பா வேலைக்கு ஓட்டிய யமாஹா ஆர்எக்ஸ்இசட்டாக இருக்கும். இல்லாவிட்டால், பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோட்டத்துக்குக் கூடை கட்டிக்கொண்டு ஏறிய சின்ன வண்டியாக இருக்கும். விற்க மனசு வராது. எடுத்து ஓட்டினால் நடுவழியில் நின்றுவிடும்.

நின்றதும் என்ன செய்கிறோம்? பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய், பொறி போடும் பிளக் மாற்று, அதற்கு மின்சாரத்தைக் கூட்டித் தரும் காயில் மாற்று, பொறியை நேரத்துக்கு விடும் சிடிஐ பெட்டி மாற்று, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் மாற்று என்கிறோம். ரிங்கிட் கரைகிறது, வண்டி கிளம்புவதில்லை. எனக்குப் பொறுக்காதது பணம் போவதுகூட இல்லை. பழுதே இல்லாத அசல் கார்புரேட்டர் குப்பைக்குப் போய், அந்த இடத்தில் மலிவான நகல் ஒன்று ஏறுகிறது பாருங்கள், அதுதான். அந்த அசல் பாகத்தை இனி எங்கே போய்த் தேடுவது? அதனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். காரணம் தெரியாமல் பாகம் மாற்றாதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஓட மூன்று வேண்டும். நேரத்துக்குப் பொறி, சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், அப்புறம் அழுத்தம். மூன்றில் எது குறைகிறது என்று பிளக் சொல்லிவிடும். நன்றாக உதைத்தும் கிளம்பாத வண்டியின் பிளக் காய்ந்து இருந்தால், பெட்ரோல் மேலே வரவில்லை. நனைந்து இருந்தால், பெட்ரோல் வருகிறது, பொறிதான் சந்தேகம், அல்லது பெட்ரோல் அதிகமாகி மூழ்கிவிட்டது. பொறியைப் பார்க்க, கழற்றிய பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை எஞ்சினில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு உதையுங்கள். நீலமாகப் பளிச்சென்று அடிக்க வேண்டும். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும், தீப்பிடிக்கும்.

ஓடும் வண்டியாக இருந்தால் நிறத்தைப் பாருங்கள். காப்பி நிறம் நல்லது. கறுப்பாகப் புகைக்கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். இந்த வெள்ளைக்குத்தான் பயப்பட வேண்டும். கறுப்புப் பிளக் வண்டியை நிறுத்தும், அவ்வளவுதான். வெள்ளைப் பிளக் பிஸ்டனைத் தின்றுவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போகிறது, பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும்.

பிளக் வாங்கும்போது எண்ணையும் பாருங்கள். என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்திவிடும் பிளக். சாம்பியனில் அது தலைகீழ், எண் ஏற ஏறச் சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் சூடான பிளக். கடையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்கும்போது இது தெரியாமல் வாங்கி வருகிறவர்கள் நிறைய.

பினாங்குப் பாலத்தில் நின்றுபோகும் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், ஒரே சீரான வேகம். பாதி தூரத்தில் மூச்சு முட்டுவது மாதிரி இழுத்து இழுத்து நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பும், மறுபடி நிற்கும். காயில் சூடாகிவிட்டது என்பார்கள். அதற்கு முன் பெட்ரோல் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது. ஓர் ஊசியில் தீர்கிற காரியம். இதற்குக் காயில் மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது கொஞ்சம் தூரம் போவோம். கனடாவில் என் அக்கா மகன் இருக்கிறான், எட்மன்டன் பக்கம். பட்டர்வொர்த்தில் வளர்ந்த பிள்ளை. அங்கே பழைய ஸ்னோமொபைல் ஒன்று வாங்கினான். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் அகலமான ரப்பர் பட்டை, பனியில் ஓடும் வண்டி. எஞ்சின் எது? நம் ஆர்எக்ஸ்இசட்டில் இருக்கிற அதே டூ-ஸ்ட்ரோக்தான், ஒரு சிலிண்டருக்குப் பதில் இரண்டு. கியூபெக்கின் பொம்பார்டியே கம்பெனி ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபைலை 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக்தான். நமக்குத் தெரிந்த யமாஹாவும் 1968 முதல் ஸ்னோமொபைல் செய்திருக்கிறது.

இங்கே காலை பசியாறிக்கொண்டிருக்கும்போது அவன் கூப்பிட்டான். அங்கே முந்தின நாள் மாலை. "மாமா, சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடுகிறது. முழுசாக முறுக்கினால் அடைத்துக்கொண்டு செத்துப்போகிறது. புதுசாக இரண்டு கார்புரேட்டர் வாங்கிவிடவா?"

"வாங்காதே. ரெண்டு பிளக்கையும் கழற்றிப் படம் அனுப்பு" என்றேன்.

படம் வந்தது. இடது பிளக் அழகான காப்பி நிறம். வலது பிளக் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. இரண்டு சிலிண்டர் வண்டியில் இது பெரிய உதவி. நல்ல பக்கம் பக்கத்திலேயே நிற்கிறது, கெட்ட பக்கத்தை அதோடு ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். அந்த வண்டிகளில் பெட்ரோல் தொட்டி கார்புரேட்டருக்கு மேலே இருப்பதில்லை. அதனால் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையில் ஏறி இறங்கும் அழுத்தத்தில் துடிக்கும் ஒரு சின்ன பம்ப்தான் பெட்ரோலை மேலே தள்ளும். அவன் வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பம்ப். அது பழுதாகியிருந்தால் இரண்டு பிளக்கும் வெளுத்திருக்கும். ஒன்று மட்டும் வெளுத்ததால் பம்ப் தப்பித்தது.

அடுத்து, பிளக்குகளை இடம் மாற்றிப் போடச் சொன்னேன். வலது பக்கம் போன நல்ல பிளக்கும் வெளுத்தது. பிளக் தப்பித்தது. அழுத்தமானி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தான், இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைகள், அதாவது ஜெட்டுகளைக் கழுவினான். வெயில்காலம் முழுக்க வண்டி சும்மா நின்றால் பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைக்கும், அதனால் ஜெட் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. கழுவியும் அதே கதை. அவன் வண்டியில் இரண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி. இடதை வலதில், வலதை இடதில் மாற்றி மாட்டச் சொன்னேன். குறை கார்புரேட்டரோடு இடது பக்கம் போகவில்லை. வலது பக்கத்திலேயே நின்றது. ஆக, கார்புரேட்டருக்கும் விடுதலை. வாங்கியிருந்தால் அத்தனை டாலரும் வீண்.

மிச்சம் இரண்டே இடம். கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர், அல்லது கிராங்க் தண்டின் அந்த முனையில் காற்று புகாமல் அடைக்கும் சீல். "ரப்பரைக் கழற்றி, கையில் வைத்து வளைத்துப் பார். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது" என்றேன். வளைத்ததும் அடியில் ஒரு வெடிப்பு வாய் திறந்தது. வருஷக்கணக்கில் குளிரிலும் சூட்டிலும் மாறி மாறிக் கிடந்து இறுகிப்போன ரப்பர். சும்மா நிற்கும்போது வெடிப்பு மூடிக்கொண்டது, முழுசாக முறுக்கி எஞ்சின் அதிரும்போது திறந்து காற்றைக் குடித்தது.

அப்புறமும் ஒரு வேலை சொன்னேன். சைலன்சர் குழாயைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கீறல் இல்லை. ரப்பர் ஒன்றோடு போயிற்று.

இதை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வண்டியிலும் இதேதான் நடக்கிறது. முறுக்கியை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் இறங்காமல் மேலேயே நிற்கிறதா? திடீரென்று வண்டிக்கு வேகம் கூடிவிட்டது என்று இளைஞர்கள் சந்தோஷப்படுவார்கள். தயவுசெய்து சந்தோஷப்படாதீர்கள், எங்கிருந்தோ காற்று ஏறுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் வெடிப்பு.

மாறாவிட்டால் கிராங்க் சீல். அதில் இரண்டு பக்கம் உண்டு. மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் பக்கச் சீல் போனால் காற்று ஏறும், பிளக் வெளுக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு எரியும், வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, கியர் எண்ணெய் மட்டும் குறைந்துகொண்டே போகும். பெட்ரோலோடு எரியும் 2டி எண்ணெயின் தரம் சரியில்லை என்று கம்பெனி மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். கியர் எண்ணெய் அளவைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். பட்டறையில் உறுதி செய்ய வேண்டுமானால், எஞ்சினின் வாய்களை அடைத்து, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று ஏற்றி, நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஸரை நேராக வைக்கக் கூடாது, நல்ல சீலும் பிய்ந்துவிடும்.

எண்ணெய் பம்ப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யமாஹா 1964இல் ஆட்டோலூப் கொண்டுவந்தது. முறுக்குகிற அளவுக்கு ஏற்ப எண்ணெயைத் தானே அளந்து ஊற்றும் பம்ப். இதை நம்பாமல் கழற்றி எறிந்துவிட்டுத் தொட்டியில் கையால் கலக்குகிறார்கள். கழற்றாதீர்கள் ஐயா. பம்பின் கேபிள் குறியோடு சேர்ந்து நிற்கிறதா, எண்ணெய்க் குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பாருங்கள், போதும். குமிழி இருந்தால் பம்பில் இருக்கும் திருகைத் தளர்த்தி வெளியேற்றிவிடலாம்.

ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலிக் புலாவ் இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று. நீண்ட இறக்கத்தில் முறுக்கியை முழுக்க மூடிக்கொண்டு கியரில் இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், பெட்ரோலும் எண்ணெயும் மிகக் குறைவாகத்தான் போகும். இடையிடையே கிளட்சைப் பிடித்து லேசாக முறுக்கிவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் முடியப்போகிறது. மின்சாரப் பக்கம் விரிவாகச் சொல்ல நினைத்தேன், அதற்கு இன்னொரு நாள் வேண்டும். கடலோரம் இருக்கிறோம், உப்புக்காற்று. சிடிஐ வாங்குவதற்கு முன் எர்த் வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் சேரும் இடத்தைக் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டுங்கள். வண்டி வரவர வேகம் குறைந்தால் சைலன்சரில் கரி அடைத்திருக்கிறதா பாருங்கள். வண்டியைப் பல வாரம் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து மிச்சப் பெட்ரோலை ஒரு போத்தலில் வடித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.