பலகை ஓரத்தில் ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டடங்களின் சிறு மாதிரிகளைச் செய்வது என் தொழில். தொழிலில் இருப்பவர்கள் அதை 'மாடல்' என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே சொல்கிறேன். அக்ரிலிக் தகடு, பால்சா மரம், அட்டை, பசை, உப்புத்தாள் என்று 26 ஆண்டுகள் ஓடிவிட்டன. எந்தக் கோபுரமாக இருந்தாலும், கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே அதை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்திருப்போம்.

ஒரு குடியிருப்புப் பகுதியில் 40, 50 மாடிக் கட்டடம் வரப்போகிறது என்றால், அக்கம்பக்கத்தாரை ஒரு கூடத்துக்கு வரவழைத்து, மேசைமேல் மாடலை வைத்துக் காட்டுவது வழக்கம். அந்த மேசையைச் சுற்றி நிற்கிறவர்களிடம் பேச வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. மாடல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது அதைச் செய்தவனுக்குத் தெரியும். ஆனால் கூட்டத்தில் அவனை யாரும் கேட்பதில்லை. அவன் மூலையில் நின்று, யாராவது கோபுரத்தில் கைவைத்துவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்படி ஒரு மாலை நான் மூலையில் நின்றிருந்தேன். 180 மீட்டர் உயரக் கோபுரம். 500-க்கு 1 என்ற அளவில் செய்திருந்தேன். அதாவது மேசைமேல் 36 சென்டிமீட்டர். கண்ணாடி போன்ற அக்ரிலிக், அடியிலிருந்து எல்.இ.டி. வெளிச்சம். சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் வெள்ளைக் கட்டைகள். வயதான அம்மா ஒருவர் மேசையை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு நேரே என்னிடம் வந்து, "தம்பி, என் வீடு எங்கே இருக்கு இதுல?" என்று கேட்டார்.

தெருப் பெயரைக் கேட்டேன். குனிந்து தேடினேன். அவர் வீடு இல்லை. பலகை அதற்கு முந்தின தெருவோடு முடிந்திருந்தது.

எதையெல்லாம் செய்கிறோம் என்பதைவிட எந்த இடத்தில் அறுக்கிறோம் என்பதுதான் மாடலில் பெரிய முடிவு. அந்தப் பலகை 80 சென்டிமீட்டர் சதுரம். தரையில் அது 400 மீட்டர். கோபுரம் நடுவில் நிற்பதால் ஒவ்வொரு பக்கமும் 200 மீட்டர்தான் தெரியும். அந்த அம்மாவின் வீடு 220 மீட்டர் தள்ளி இருந்தது. பலகை ஏன் 80 என்றால், அந்த அளவு இருந்தால்தான் கதவு வழியாகச் சாய்க்காமல் தூக்கிப்போகலாம், வண்டியில் வைக்கலாம். ஓர் அம்மாவின் வீடு வரைபடத்தில் இருந்தும் மேசைக்கு வராமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கண் உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேசை 75 சென்டிமீட்டர் உயரம், நிற்பவரின் கண் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் பலகைக்கும் இடையே 75 சென்டிமீட்டர். 500-ஆல் பெருக்கினால் 375 மீட்டர். கோபுரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே, வானத்தில் நின்றுகொண்டு நீங்கள் உங்கள் தெருவைப் பார்க்கிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் எந்தக் கோபுரமும் அடக்கமாகத்தான் தெரியும். எல்லாமே அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் நின்று ஊரைப் பார்த்தவர் எவரும் அந்தத் தெருவில் இல்லை. தெருவில் நிற்கும் ஆள் அந்த மாடலில் மூன்றரை மில்லிமீட்டர் கூட இல்லை. ஓர் எறும்பின் அளவு. அந்த எறும்பின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் கேள்வி.

ஆகவே கூச்சப்படாமல் குனியுங்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு, முகவாய் பலகையோரம் படும்படி உட்காருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் தெரு வழியாகக் கோபுரத்தைப் பாருங்கள். கைப்பேசி இருந்தால் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் கீழே வருமாறு தெருவில் நிறுத்திப் படம் எடுக்கலாம். அப்படியும் லென்ஸ் பலகையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அது உண்மையில் 5 மீட்டர், முதல் மாடிச் சன்னல் உயரம். பரவாயில்லை, 375 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு இறங்கிவிட்டோம். ஒரு எச்சரிக்கை: அகலக்கோண லென்ஸை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது கோபுரத்தைத் தள்ளி நிற்பதுபோலக் காட்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெர்க்லியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்புப் பேராசிரியரும் கென்னத் க்ரெய்க் என்ற உளவியல் பேராசிரியரும் இதற்கென்றே ஓர் ஆய்வகம் அமைத்தார்கள். மாடலுக்கு மேலே ஒரு சட்டம், அதிலிருந்து தொங்கும் குழாய் போன்ற ஒரு லென்ஸ், அதை நகர்த்தக் கணினி. லென்ஸ் தெருமட்டத்தில் வீடுகளுக்கு நடுவே ஊர்ந்து போகும். திரையில் பார்த்தால் நாமே அந்தத் தெருவில் போவதுபோல இருக்கும். அந்தக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் டைக்ஸ்ட்ரா பின்னாளில் ஹாலிவுட்டின் விண்வெளிப் படங்களுக்கு மாடல்களைப் படம்பிடித்துப் பேர் வாங்கினார். ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த ஆய்வகம் குடிமக்களுக்குச் செய்த வேலைதான். பீட்டர் போசல்மன் என்ற ஆய்வாளர் அங்கே சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கோபுரங்கள் எங்கே நிழல் போடும், எங்கே காற்றைத் திருப்பும் என்று சோதித்துக் காட்டினார். 1984-இல் அந்த நகரத்து வாக்காளர்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள்: 40 அடிக்கு மேற்பட்ட புதுக் கட்டடம், பொதுப் பூங்காக்களின்மீது குறிப்பிடத்தக்க புது நிழலைப் போடக் கூடாது. சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி, மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை கணக்கு. வெயிலுக்கு வாக்களித்த மக்கள் என்று நான் அவர்களைப் பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

நிறத்துக்கு வருவோம். ஏன் கோபுரத்தைக் கண்ணாடி அக்ரிலிக்கில் செய்கிறோம்? ஊடுருவித் தெரிவதால் கனமே இல்லாததுபோல இருக்கும். பின்னால் இருக்கும் வீடுகள் அதன் வழியாகவே தெரியும். உண்மைக் கட்டடத்தில் அப்படித் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் தரைத்தளங்கள், சுவர்கள், லிஃப்ட் குழிகள், திரைச்சீலைகள் எல்லாம் இருக்கும். பகலில் அது ஒரு கறுத்த பாளமாகவோ, வானத்தைத் திருப்பி வீசும் கண்ணாடியாகவோதான் நிற்கும். 2013 கோடையில் லண்டனில், 20 ஃபென்சர்ச் தெருவில் எழும்பிக்கொண்டிருந்த கோபுரத்தின் குழிந்த கண்ணாடி முகப்பு வெயிலைக் குவித்து, தெருவில் நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கிவிட்டது. மாடலின் அக்ரிலிக் எந்தக் காலத்திலும் அந்தச் சூட்டைக் காட்டியிருக்காது.

சுற்றுவட்டார வீடுகளை வெள்ளைக் கட்டையாக விடுவதற்குக் கண் கோபுரத்தின்மேல் நிற்க வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். சன்னல் கிடையாது, வாசல் கிடையாது, துணி காயும் மொட்டைமாடி கிடையாது. இருக்கும் வீடு பேய்போல வெளுத்து நிற்க, இல்லாத கோபுரம் விளக்கேற்றி நிற்கும். ஒரு முறை ஒரு நிறுவனத்தார் என்னிடம், பக்கத்து வீடுகளை இன்னும் மங்கலாக்கச் சொன்னார்கள். மரங்களை மட்டும் பெரிதாக வைக்கச் சொன்னார்கள். இன்றைக்கு நடும் கன்று, முப்பது ஆண்டு வளர்ந்த மரமாகக் கோபுரத்தின் அடியை மறைத்து நிற்கும். செய்து கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது. மரத்தைப் பார்க்கும்போது அது எத்தனை வயது மரம் என்று கேளுங்கள்.

வெயிலை மாடலில் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. அறைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கக் கூடாது. டார்ச் பக்கத்தில் இருப்பதால் கதிர் விரிந்துபோய் நிழல் தப்பாக விழும். மாடலை வெளியே உண்மை வெயிலுக்கே தூக்கிவர வேண்டும். அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஏற்ற சூரியக் கடிகார அட்டை ஒன்றை வடக்குத் திசை பார்த்துப் பலகையில் ஒட்டி, அதில் ஒரு சிறு குச்சி நட வேண்டும். அட்டையில் மாதமும் மணியும் கோடு கோடாக வரைந்திருக்கும். இரண்டு பேர் பலகையைப் பிடித்து மெல்லச் சாய்க்க வேண்டும். குச்சியின் நிழல்முனை எந்த மாதம், எந்த மணிக் கோட்டில் விழுகிறதோ, அந்த மாதத்து அந்த மணி நேர வெயில் அந்தச் சின்ன ஊர்மேல் விழுகிறது. கோபுரத்தின் நிழல் எங்கே போகிறதென்று பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்தால் திகைப்பாக இருக்கும். சூரியன் 20 பாகை உயரத்தில் இருக்கும்போது, 180 மீட்டர் கோபுரத்தின் நிழல் ஏறக்குறைய 500 மீட்டர் நீளும். மாடலில் அது ஒரு மீட்டர். பலகையோ நடுவிலிருந்து ஓரம் வரை 40 சென்டிமீட்டர்தான். மீதி நிழல் பலகையைத் தாண்டி விழுந்துவிடுகிறது, யாருடைய வீட்டின் மேலும் இல்லாததுபோல.

காற்றுக்கு வேறு மாடல் உண்டு. அதைக் குடியிருப்பவர்கள் பார்த்ததே இருக்காது. பெரும்பாலும் 300-க்கு 1, 400-க்கு 1 அளவில், உடம்பெல்லாம் துளைபோட்டு, துளைக்கொரு மெல்லிய குழாய் செருகி, காற்றுச் சுரங்கத்துக்குள், அதாவது விசிறியால் காற்றை ஓடவிடும் நீண்ட அறைக்குள், வைப்பார்கள். கட்டடம் தாங்குமா என்று பார்க்கும் சோதனை அது. தெருமட்டத்திலும் உணரிகள் வைத்து, நடப்பவர்மேல் எவ்வளவு காற்று வீசும் என்று தனியாக அளக்கலாம். மேலே மோதும் காற்று கட்டடத்தின் முகப்போடு கீழே இறங்கி, மூலைகளில் வேகம் பிடிக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் 2011-இல், 112 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்றின் அடியில் வீசிய காற்று ஒரு லாரியைக் கவிழ்த்து, நடந்துபோன ஒருவரின் உயிரைப் பறித்தது. பிறகுதான் சாலைக்கு மேலே காற்றுத் தடுப்புகள் வைத்தார்கள். விளக்கேற்றிய மாடலைக் காட்டும்போது, "காற்று மாடலை என்ன செய்தீர்கள்? நடைபாதைக்கு அளந்தீர்களா? எண்களைக் காட்டுங்கள்" என்று கேட்பது குடியிருப்பவரின் உரிமை.

மாடலையே சுருக்காமல் விட்டவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தில் கட்ட அனுமதி கேட்பவர், வரப்போகும் கட்டடத்தின் உயரத்தையும் வெளிவரையையும் அதே இடத்தில், அதே அளவில், கம்புகள் நட்டுக் காட்ட வேண்டும். ஆட்சேபம் சொல்லும் காலம் முடியும்வரை கம்புகள் நிற்கும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், தன் சமையலறைச் சன்னலிலிருந்தும் பார்த்துப் பார்த்து மனிதர் ஒரு முடிவுக்கு வரலாம். 1987-இல் நியூயார்க்கில் மக்களே மாடலாக நின்றார்கள். சென்ட்ரல் பார்க்கின் மூலையில் வரவிருந்த இரட்டைக் கோபுரத்தின் நிழல் பூங்காவுக்குள் எதுவரை போகும் என்று கணக்குப் பார்த்து, நூற்றுக்கணக்கானவர்கள் அந்தக் கோட்டில் வரிசையாக நின்று கறுப்புக் குடைகளை விரித்தார்கள். 500-க்கு 1 அல்ல, ஒன்றுக்கு ஒன்று. அந்தத் திட்டம் அந்த வடிவத்தில் கட்டப்படவே இல்லை.

அந்த அம்மாவை விட்டுவிட்டு எங்கெங்கோ போய்விட்டேன். அன்றிரவு பட்டறைக்குத் திரும்பியதும், அவர் வீடு இருந்த பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டுப் பலகை அறுத்தேன். இரண்டு தெரு, நாற்பத்தொரு வீடு. யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரவுமில்லை. அவர் வீட்டுக்கு மட்டும் ஊசிமுனையால் வாசலைக் கீறினேன். ஒன்றே கால் சென்டிமீட்டர் உயர வீட்டில் வாசல் நான்கு மில்லிமீட்டர் வந்தது.

அடுத்த கூட்டத்தில் துண்டைப் பலகையோடு இணைத்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, தன் வாசலிலிருந்து கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். கூடம் அமைதியாக இருந்தது. பிறகு, "வெயில் எத்தனை மணிக்கு மறையும்னு சொல்லுங்க தம்பி" என்றார். மறுநாள் காலை மூன்று பேராக மாடலை முற்றத்துக்குத் தூக்கிவந்து, குச்சி நட்டு, பகல் குறுகிய மாதத்தின் கோட்டுக்குச் சாய்த்தோம். நிழல் ஒரு வீடு, இன்னொரு வீடு என்று ஏறி, அந்த வாசல்மேல் வந்து உட்கார்ந்தது. மணிக் கோட்டைப் பார்த்துப் படித்தேன். அந்த அம்மா என் சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து, தன் வீட்டு வெள்ளைக் கூரைமேல் சின்ன எழுத்தில் தானே எழுதினார்: 9.10 – 10.15.