ஒயரைப் பிடுங்குங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச வேண்டும், ஆனால் படம் வரைந்து காட்ட வேண்டிய எதையும் பேசக்கூடாது என்று நிலையத்தார் சொல்லிவிட்டார்கள். நல்லதுதான். படம் காட்டினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நான் கோத்தகிரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸ், பள்ளிக்கூடம், லாட்ஜ், பிரவுசிங் சென்டர் என்று இந்த மலையில் ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, மெயில் வழியாக வந்து உட்கார்ந்துகொண்ட புழுவைக் கண்டுபிடித்து வெளியேற்றுவது.

புழு என்று சொல்வது, தன்னைத்தானே நகல் எடுத்து, தானே மெயில் எழுதி, உங்கள் முகவரிப் பட்டியலில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தானே அனுப்பிக்கொள்ளும் நிரலை, அதாவது புரோகிராமை. உங்களிடம் அது பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஒரே உதவி: மெயிலோடு ஒட்டி வந்த ஃபைலை, அதாவது இணைப்பை, நீங்கள் திறக்க வேண்டும். வந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நெட் ஒயரைப் பிடுங்குங்கள். வைஃபை என்றால் அணையுங்கள். இந்த உரையில் இதை நான் பல தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு மெயில் உலகத்தைச் சுற்றியது. புறப்பட்ட இடம் பிலிப்பைன்ஸ். காதல் கடிதம் என்று பெயர் போட்ட ஒரு ஃபைல் அதோடு ஒட்டியிருந்தது. அந்த ஃபைல் பெயரின் கடைசியில் இரண்டு வால்கள் இருந்தன. முதல் வால் டிஎக்ஸ்டி, அதாவது வெறும் எழுத்து. இரண்டாவது வால் விபிஎஸ், அதாவது ஓடக்கூடிய நிரல். விண்டோஸுக்கு ஒரு பழக்கம் உண்டு, தனக்குத் தெரிந்த வகை ஃபைலாக இருந்தால் கடைசி வாலை மறைத்துவிடும். பார்க்கிறவர் கண்ணுக்குக் கடிதம், உள்ளே நிரல். அந்தப் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. புதிதாக வாங்கும் கம்ப்யூட்டரிலும் வாலை மறைத்துத்தான் வைத்திருப்பார்கள். நான் யார் வீட்டுக்குப் போனாலும் கேட்காமலே முதலில் அதை மாற்றிவிட்டு வருவேன். ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டு என்று ஒரு டிக் போட்டால் போதும். ஏன் இதை இன்னும் மறைக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

அந்த மெயில் இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் காதல் மட்டும் இல்லை. தெரிந்தவர் பெயரில் வந்தது, அதுதான் காரணம். அதற்கு முந்தின வருடம், 1999 மார்ச்சில் வந்த மெலிசா என்ற மெயில் புழுவும் அப்படித்தான். அவுட்லுக் என்ற மெயில் நிரலின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேரைப் பார்த்து அனுப்பும். மாமா பெயரில் வருகிறது, மேனேஜர் பெயரில் வருகிறது, யார் திறக்காமல் இருப்பார்கள்?

சரி, எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். 2001 ஜூலையில் சர்கேம் என்றொரு புழு வந்தது. மற்ற பல புழுக்கள் தாங்கள் மட்டும் போகும். இது உங்கள் 'மை டாக்குமெண்ட்ஸ்' பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை எடுத்து அதற்குள் புகுந்துகொண்டு போகும். மெயிலில் வாசகமும் ரொம்ப மரியாதையாக இருக்கும். நலமா, உங்கள் ஆலோசனையைப் பெறுவதற்காக இந்த ஃபைலை அனுப்புகிறேன், பிறகு பார்ப்போம், நன்றி. இவ்வளவுதான். ஆங்கிலத்தில் வரும், ஸ்பானிஷ் மொழியிலும் வரும்.

கட்டபெட்டு பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், டெலிபோன் லைனில் மோடம். ஆடிக் காற்றும் சாரலும் அடித்துக்கொண்டிருந்த சமயம். மேனேஜர் ஒரு கணக்குத் தாள் போட்டு வைத்திருந்தார். அடுத்த மாதம் பச்சை இலைக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுக்கலாம், எந்தப் பக்கத்து இலைக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று. தேயிலை விலை அடிமட்டத்தில் கிடந்த வருடங்கள் அவை. விவசாயிகள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சர்கேம் அந்தத் தாளைத்தான் எடுத்தது. கொச்சி வியாபாரிக்குப் போனது, குன்னூர் புரோக்கருக்குப் போனது, கோயம்புத்தூர் மெஷின் கம்பெனிக்குப் போனது, பெங்களூரில் இருக்கும் மேனேஜரின் சித்தப்பாவுக்கும் போனது.

சித்தப்பா ரிட்டயர்டு ஆள். இரண்டு நாள் கழித்து போன் செய்தார். "தம்பி, ஆலோசனை கேட்டு எழுதியிருந்தியே, உட்கார்ந்து யோசிச்சேன். இலைக்கு இன்னும் ஒரு ரூபா கூட்டிக் கொடு, பாவம்" என்றார். மேனேஜருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நான் எதுவும் அனுப்பவில்லையே என்று 'சென்ட் ஐட்டம்ஸ்' திறந்து பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. இருக்காது. இந்த மாதிரிப் புழு மெயில் அனுப்பும் வேலையைத் தானே செய்துகொள்ளும், உங்கள் அவுட்லுக்கைக் கேட்காது. அனுப்பிய பெட்டி காலியாக இருக்கிறது, அதனால் என் கம்ப்யூட்டர் சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கணக்குத் தாளை சித்தப்பா படித்தார் என்றாலே அவருடைய கம்ப்யூட்டரிலும் புழு ஏறிவிட்டது என்று அர்த்தம். திறந்தவுடன் முதலில் தன்னைப் பதித்துக்கொண்டு, அப்புறம் சந்தேகம் வராதபடி உள்ளே இருக்கும் தாளையும் எக்செலில் காட்டிவிடும். படித்தவர் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வீட்டுக் கடிதங்கள் வேறெங்கோ ஆலோசனை கேட்டுப் புறப்பட்டிருக்கும்.

அந்த ஆபீசில் ஒரு கிளார்க் தம்பி, கெட்டிக்காரன். நான் வருவதற்குள் தானே தேடி, புழு 'சர்ச்சி 32' என்று ஏதோ பெயரில், சரியாகச் சொன்னால் எஸ்ஐஆர்சி 32 என்ற பெயரில், குப்பைத் தொட்டி ஃபோல்டருக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். குப்பைத் தொட்டியை யார் கிளறிப் பார்ப்பார்கள்? அழித்தும் விட்டான். அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டரில் எதுவுமே திறக்கவில்லை. கணக்கு எழுதும் டேலி இல்லை, எக்செல் இல்லை, கால்குலேட்டர்கூட இல்லை. எதைத் தொட்டாலும் அந்த ஃபைலைக் காணோம் என்று விண்டோஸ் சொல்கிறது. அழித்த புழுவையே தேடுகிறது!

காரணம் இதுதான். எந்த நிரலைத் திறந்தாலும் முதலில் என்னைக் கூப்பிடு, அப்புறம் அதைக் கூப்பிடு என்று விண்டோஸின் பதிவேட்டில், அதாவது ரெஜிஸ்ட்ரியில், சர்கேம் ஒரு வரி எழுதி வைத்திருந்தது. தம்பி புழுவை அழித்தான், வரி அப்படியே இருந்தது. அந்த வரியைத் திருத்த ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறக்க வேண்டும். அதுவும் ஒரு நிரல்தானே, அதுவும் திறக்காது. பூட்டுக்குள்ளேயே சாவி மாட்டிக்கொண்ட கதை. வழி எளிது. புழு எழுதிய வரி இஎக்ஸ்இ என்று முடியும் நிரல்களுக்கு மட்டும்தான். டாஸ் கறுப்புத் திரைக்குப் போய், ரெஜிஸ்ட்ரி எடிட்டரின் வாலை இஎக்ஸ்இ என்பதிலிருந்து காம் என்று மாற்றினேன். திறந்துகொண்டது. வரியைத் திருத்தினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், எல்லாம் ஓடியது. மேனேஜர் இரண்டு கிலோ டஸ்ட் டீத்தூள் கட்டிக் கொடுத்தார்.

அழிப்பது கடைசி வேலை, அதைத்தான் இந்தக் கதையில் கவனிக்கச் சொல்கிறேன். ஒயரைப் பிடுங்குவது முதல் வேலை. நடுவில், புழு எங்கெங்கே வேர் விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் சீகை மரத்தை வெட்டிப் போட்டவர்களுக்குத் தெரியும், அடுத்த மழைக்கு அதே இடத்தில் நூறு கன்று நிற்கும். புழுவும் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாகத் தொடங்கும் பட்டியலில் தன் பெயரைச் சேர்த்து வைத்திருக்கும், இன்னொரு நகலை வேறு ஃபோல்டரில் போட்டிருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், பழைய நிலைக்குத் திரும்புவதற்கென்று இருந்த சிஸ்டம் ரெஸ்டோர் பெட்டிக்குள்ளும் ஒரு நகல் தங்கிவிடும். வைரஸ் தடுப்பு நிரலால் அதற்குள் கை வைக்க முடியாது. அதனால்தான் சிஸ்டம் ரெஸ்டோரை முதலில் அணைக்கச் சொல்வோம்.

கண்டுபிடிப்பது எப்படி? அந்தக் காலத்தில் மோடத்தின் விளக்குதான் என் டாக்டர். யாரும் எதுவும் செய்யாமல் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது விளக்கு விடாமல் மினுக்கினால் உள்ளே யாரோ வேலை செய்கிறார்கள். 2002இல் பக்பேர் என்று ஒன்று வந்தது. அது நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டரையும் இன்னொரு கம்ப்யூட்டர் என்று நினைத்துத் தன்னை அனுப்பிவிடும். பிரிண்டர் பக்கம் பக்கமாகக் கிறுக்கித் தள்ளும். ஒரு ஆபீசில் பிரிண்டருக்குத் திருஷ்டி கழித்தார்கள், நான் பார்த்தேன்.

ஆனால் ஒரு அடையாளத்தை நம்ப வேண்டாம். "உங்கள் பெயரில் எனக்கு வைரஸ் மெயில் வந்தது" என்பது. குன்னூரில் இரண்டு ஆசிரியர்கள், சின்ன வயதிலிருந்து சிநேகம், இதனால் பல மாதம் பேசிக்கொள்ளவில்லை. அது கிளெஸ் என்ற புழுவின் காலம். கிளெஸ் அனுப்புநர் பெயரையே பொய்யாகப் போடும். அகப்பட்ட கம்ப்யூட்டரில் இருக்கும் முகவரிகளில் ஒன்றை அனுப்புநராகவும் இன்னொன்றைப் பெறுநராகவும் வைக்கும். அப்படியானால் நோய் இருந்தது இந்த இரண்டு பேரிடமும் இல்லை, இரண்டு பேர் முகவரியையும் வைத்திருந்த மூன்றாவது ஆளிடம். தேடிப் பார்த்தால், இருவரும் ரோஜாச் செடி வாங்கும் நர்சரிக்காரர்! பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இருந்த ஒரு ஓட்டையால், கிளெஸ் மெயிலை எட்டிப் பார்த்தாலே போதும், இணைப்பைத் திறக்கக்கூட வேண்டாம். அவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது.

நிரலே இல்லாத புழுவும் உண்டு. அதே 2002இல், கரடி பொம்மை படம் போட்ட ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் அது வைரஸ், உடனே அழித்துவிட்டு எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று ஒரு மெயில். அது விண்டோஸோடு வரும் சாதாரண ஃபைல். எல்லார் கம்ப்யூட்டரிலும் இருந்தது, எல்லாரும் அழித்தார்கள், எல்லாருக்கும் சொன்னார்கள். புழு செய்யும் வேலை முழுவதையும் மனுஷனே செய்தான்.

இன்றைக்கு வருகிறேன். மெயில் கம்பெனிகள் ஓடும் நிரலை இணைப்பாக அனுப்பவே விடுவதில்லை, பழைய புழுக்கள் அநேகமாகச் செத்துவிட்டன. ஆனால் எமோடெட் என்று ஒன்று 2014இலிருந்து ஆட்டம் போட்டது. நீங்கள் நிஜமாகவே ஒருவரோடு மெயிலில் பேசிக்கொண்டிருந்த பேச்சைத் திருடி, அதற்குப் பதில் எழுதுவது போலவே எழுதி, கூடவே ஒரு வேர்டு ஃபைலை வைக்கும். அந்த ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் நிரலை ஓடவிடும் 'எனேபிள் கண்டென்ட்' என்ற பொத்தானை அழுத்தச் சொல்லும். 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீசார் சேர்ந்து அதன் சர்வர்களைப் பிடித்தார்கள். அதே வருடக் கடைசியில் திரும்பவும் தலை காட்டியது. அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லி எந்த பில்லும் கேட்காது, எந்த ஆர்டரும் கேட்காது. சந்தேகமாக இருந்தால் அனுப்பியவருக்கு போன் போட்டுக் கேளுங்கள். மெயிலில் கேட்காதீர்கள், பதிலையும் புழுவே எழுதும்.

அகப்பட்டுவிட்டதா? ஒயர். அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு நிரலில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே சோதிக்கும். புழு தூங்கும்போதே பிடிப்பதால் அது ஒளிந்துகொள்ள முடியாது. சுமார் கால் மணி நேரம் ஆகும், மழைக்காலத்தில் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். தனியாக ஒரு கருவி வேண்டுமென்றால் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் இறக்கிக் கொண்டுவாருங்கள். பாஸ்வேர்டுகளையும் நல்ல கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள், நோயுள்ளதிலிருந்து மாற்றினால் புதியதும் சேர்ந்தே போய்விடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். போனைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றோ, போக்குவரத்து அபராதம் என்றோ, பிஎம் கிசான் என்றோ ஏபிகே என்று முடியும் ஃபைல், அதாவது போனில் ஆப் நிறுவும் ஃபைல், வந்தால் தொடாதீர்கள். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், ஏபிகே ஆக வராது. அது உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும், ஓடிபியை எடுத்துவிடும். சொந்தக்காரர் நம்பரிலிருந்து வந்தாலும் அதேதான், அவர் போன் ஏற்கெனவே போயிருக்கலாம். நிறுவிவிட்டீர்கள் என்றால் போனில் பிடுங்க ஒயர் இல்லை, ஃபிளைட் மோடு போடுங்கள். பக்கத்து வீட்டு போனை வாங்கி பேங்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள், ஒன்று ஒன்பது மூன்று பூஜ்யம். அப்புறம் அந்த ஆப்பை எடுப்பது, போனை ஆட்டிவைக்க அது வாங்கிக்கொண்ட டிவைஸ் அட்மின் அனுமதியை முதலில் ரத்து செய்யாமல் அது போகாது, அதை எப்படிச் செய்வது என்பதை... நேரம் ஆகிவிட்டது என்கிறார்கள். கோத்தகிரி வந்தால் கடைக்கு வாருங்கள், காட்டுகிறேன். வணக்கம்.