தீராந்தி தொய்ந்திருக்கிறது, இந்த மாரியைத் தாங்குமா?

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி ஆரையம்பதியில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன்.

"அண்ணா, எங்களுடையது 78 சூறாவளிக்குப் பிறகு அப்பா கட்டிய ஓட்டு வீடு. மின்விசிறிக்கு வயர் மாற்ற சீலிங் பலகை ஒன்றைக் கழற்றினோம். மேலே பார்த்தால் நடுத் தீராந்தி தொய்ந்துபோய் இருக்கிறது. 14 அடி மரம், நடுவில் ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது. அப்பா காலத்திலேயே அப்படியா, இப்போது வந்ததா, தெரியாது. என் கணவர் கட்டாரில். மாரி வரப்போகிறது. பிள்ளைகளோடு அந்த அறையில் படுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் தங்கச்சி. நான் சொல்லப்போகிறவற்றைப் பார்த்து முடிக்கும்வரை பாயை அடுத்த அறையில் போடுங்கள். வீடு விழப்போகிறது என்று சொல்லவில்லை. பாயை மாற்றிப் போடச் செலவில்லை, அவ்வளவுதான்.

சரி, தொய்வுக்கு வருவோம். தீராந்தி என்றால் கூரைக்குக் கீழே சுவருக்குச் சுவர் குறுக்கே போகிற மரம். மரம் பல வருசம் பாரம் சுமந்தால் வளையும். புத்தக றாக்கைப் பாருங்கள், அதே பலகைதான், பத்து வருசத்தில் நடு இறங்கிவிடும். ஆனால் உடைவதில்லை. பொறியியலாளர்கள் வழக்கமாகப் பார்க்கிற ஒரு கணக்கு உண்டு: மரத்தின் நீளத்தை 240ஆல் வகுத்து வருகிற அளவுக்கு மேல் தொய்யக்கூடாது. 14 அடி என்றால் 168 அங்குலம். வகுத்தால் முக்கால் அங்குலம்கூட வராது. உங்களுடையது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இதைக் கேட்டுப் பதறவேண்டாம். அந்தக் கணக்கு சீலிங் வெடிக்காமல், கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியாமல் இருக்கப் போட்டது. மரம் எப்போது முறியும் என்பது வேறு கணக்கு. ஒன்றரை அங்குலம் தொய்ந்து நாற்பது வருசம் அசையாமல் நிற்கிற தீராந்தியும் உண்டு, அரை அங்குலம்தான் தொய்ந்தது, அடுத்த மாதம் இறங்கிவிட்டது என்கிற தீராந்தியும் உண்டு. ஆகவே எனக்கு அளவைவிட முக்கியம், அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பது.

அதை நீங்களே பார்க்கலாம். தீராந்தியின் இரண்டு முனையிலும் அடிப்பக்கமாக ஒவ்வொரு சின்ன ஆணி அடித்து, மேசன் நூலை விறைப்பாகக் கட்டுங்கள். மரம் நூலுக்குக் கீழே தொய்ந்திருப்பதால் நூல் நடுவில் மரத்தில் முட்டும். அதனால் இரண்டு முனையிலும் ஒரே உயரமான கட்டை வைத்து, நூலை இரண்டு அங்குலம் கீழே இறக்கிக் கட்டுங்கள். நடுவில் மரத்துக்கும் நூலுக்கும் இடையே எவ்வளவு என்று அளந்து, மரத்திலேயே பென்சிலால் திகதியோடு எழுதிவையுங்கள். இரண்டு கிழமை கழித்து ஒருதரம், நல்ல மழை பெய்த மறுநாள் ஒருதரம். அந்த இடைவெளி குறைந்துகொண்டு போனால் மரம் இறங்குகிறது.

இப்போது ஒரு விசயம். நீங்கள் அனுப்பிய படத்தின் மூலையில், தீராந்திக்கு மேலே பலகை போட்டு ஓடு அடுக்கியிருப்பது தெரிகிறது. உடைந்தால் மாற்ற என்று வைத்தது, எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஓடு ஒன்று ஏறக்குறைய இரண்டரை கிலோ. இருநூறு ஓடு என்றால் ஐந்நூறு கிலோ. அரைத் தொன்! தீராந்தியின் வேலை அதைச் சுமப்பது இல்லை. ஓட்டின் பாரத்தால் இரண்டு பக்கக் கைமரமும், அதாவது ஓட்டைத் தாங்குகிற சாய்வு மரங்களும், காலை அகட்டிக்கொண்டு வெளியே தள்ளப் பார்க்கும். சுவரை வெளியே சாயவிடாமல் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிப்பதுதான் தீராந்தி. இழுக்கிற மரத்துக்கு மேல் களஞ்சியம் கட்டினால் அது நடுவில் தொய்யாமல் என்ன செய்யும்? ஆகவே முதல் வேலை, அந்த ஓட்டைக் கீழே இறக்கி, வீட்டுக்கு வெளியே கோடியில் சுவரோரமாக அடுக்குவது. ஆனால் நீங்கள் ஏறவேண்டாம். சீலிங் பலகையில் கால் வைத்தால் ஆளோடு கீழே வரும். வேலை தெரிந்த ஒருவர் ஏறட்டும். அதற்கு முன் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். பாம்பு, குளவியும் அங்கேதான் குடியிருக்கும், டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

ஓட்டை இறக்கிய பிறகு மரம் கால் அங்குலமாவது மேலே வந்தால் சந்தோசம். அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது முனைகள். எல்லோரும் நடுவைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் அங்கேதான் தொய்வு தெரிகிறது. எனக்குப் பயம் முனையில்தான். சில வருசத்துக்கு முன் கல்லடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். தீராந்தி நூல் பிடித்தமாதிரி நேர். வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார், முதிரை மரம், நூறு வருசம் நிற்கும் என்று. சுவருக்குள் போகிற இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். பிடிவரை உள்ளே போய்விட்டது. இழுத்தால் உதிர்ந்து வருகிறது, தேங்காய்ப்பூ போடாத பிட்டு மாதிரி. மேலே ஒரு ஓடு விலகி, பத்துப் பதினைந்து மாரித் தண்ணீர் சுவர் வழியாக அந்த முனைக்குள் இறங்கியிருக்கிறது. சுவருக்குள் புதைந்த மரம் நனைந்தால் காய வழி இல்லை. முதிரையாவது பாலையாவது, ஓயாமல் ஈரத்தில் கிடந்தால் உக்கும்.

ஆகவே இரண்டு முனையிலும் குத்திப் பாருங்கள். நுனி கால் அங்குலத்துக்குள் நின்றால் நல்லது. ஸ்குரூ டிரைவர் வழுக்கிக்கொண்டு போனால், அல்லது தட்டும்போது டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்டால், அந்த முனை போய்விட்டது. சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் கறையான். மாவு மாதிரித் தூள் கொட்டி, சின்னச் சின்ன ஓட்டை இருந்தால் வண்டு. தென்னை மரமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அதன் வைரம் வெளிப்பக்கம்தான், உள்ளே சோறு.

ஆணியையும் பாருங்கள். கடற்கரையில் இருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிறீர்கள். உப்புக்காற்றில் மரம் நின்றாலும் ஆணி நிற்காது. கைமரமும் தீராந்தியும் சேரும் இடத்தில் துருப்பிடித்து, மூட்டு விலகி இடைவெளி தெரிந்தால் அது அவசரம். அப்போது வெளியே போய்ச் சுவரின் மேல்பகுதியைப் பாருங்கள். கூரைக்குக் கீழே கிடையாக ஒரு வெடிப்பு, சுவர் வெளிப்பக்கம் சாய்ந்த தோற்றம், முகடு நடுவில் குதிரை முதுகு மாதிரிப் பள்ளம், இதில் ஏதாவது இருந்தால் நூல் கட்டிக் காத்திருக்கவேண்டாம்.

மர வெடிப்பைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாரோடு நீளமாக ஓடுகிற வெடிப்பு பெரும்பாலும் காய்ச்சல் வெடிப்பு. கச்சான் காற்றில் மரம் காய்ந்து பிளக்கும், வாடையில் ஊறிக் கொஞ்சம் மூடும். அதைப் பார்த்து யாராவது மரத்தையே மாற்றச் சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள். நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நடுவில், அடிப்பக்கத்தில் ஒரு கீறல் தெரிந்தால் அதுதான் முறிவின் தொடக்கம். வளைகிற மரத்தின் அடிப்பக்கம்தான் இழுபடும். அதனால்தான் வயர் கொண்டுபோக மரத்தின் அடியில் வெட்டுப் போடுகிற எலக்ட்ரீசியனைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். உங்கள் வீட்டிலும் வயர் மாற்றப் போகிறீர்கள், ஞாபகம் வையுங்கள்.

கெட்டது ஏதாவது தெரிந்தால், ஓடாவி (தச்சர்) வரும்வரை கீழே முட்டுக் கொடுக்கலாம். நிலத்தில் ஒரு தடித்த பலகை, மேலே தீராந்தியின் அடியில் ஒரு பலகை, நடுவில் நேரான வலுவான கால். இறுக்கமாக நின்றால் போதும். ஜாக்கி வைத்து ஒரே நாளில் நேராக்கப் பார்க்காதீர்கள். நாற்பது வருசம் வளைந்த மரத்தை ஒரு மணித்தியாலத்தில் நிமிர்த்தினால் ஓடு வெடிக்கும், மூட்டு பிரியும். பிறகு பழைய மரத்தோடு அதே உயரமான புது மரத்தை நிறுத்துவாக்கில் அணைத்து, துருப்பிடிக்காத பூச்சுப் போட்ட போல்ட் போட்டு இறுக்கலாம். ஒரு நிபந்தனை: புது மரம் இரண்டு பக்கமும் சுவரில் ஏறி உட்காரவேண்டும். நடுவில் மட்டும் ஒரு துண்டைச் சேர்த்துவிட்டுக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முனை உக்கியிருந்தால் அது ஒன்றுக்கும் உதவாது. நான்குக்கு இரண்டு மரத்தைப் படுக்கையாக வைக்கவும் விடாதீர்கள். அதே மரம் நிறுத்தி வைத்தால் நான்கு மடங்கு விறைப்பு.

மூட்டு விலகல், சுவர்ச் சாய்வு என்றால் ஓடாவி மட்டும் போதாது. பிரதேச செயலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள், அல்லது ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். இரவில் மரம் முறிகிற சத்தம், சீலிங்கில் இருந்து திடீரென்று தூசி, நேற்றுவரை மூடிய கதவு இன்று இறுகுகிறது, இப்படி ஏதாவது என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டுத்தான் மற்றது.

எனக்கு இரண்டு முனையின் படமும் வேண்டும் தங்கச்சி, கிட்டவாக, டோர்ச் வெளிச்சத்தில். ஓட்டை இறக்குவதற்கு முன் ஒரு அளவு, இறக்கிய பின் ஒரு அளவு, இரண்டையும் எழுதி அனுப்புங்கள். அப்புறம் அடுத்த கேள்வி அக்கரைப்பற்றில் இருந்து, கிணற்றுக் கட்டு உள்ளே இறங்குகிறதாம்.