அச்சாணிக்கு யார் ஆள் எடுப்பது?

(ஓர் அரசு ஆய்வகத்தின் ஆண்டு விழாவில் பேசியது. இருமல்களையும் எடுபடாமல் போன இரண்டு ஜோக்குகளையும் மட்டும் வெட்டியிருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடி.)

எல்லோருக்கும் வணக்கம். விழாத் தலைவர் அவர்களே, என்னைவிட இருபது வயது இளையவராக இருந்தும் நான் உள்ளே வந்ததும் எழுந்து நின்ற இயக்குநர் அவர்களே, முன்னாள் இயக்குநர்களே (மூன்று பேரை ஒரே வரிசையில் பார்ப்பது அபூர்வம், இவர்கள் பதவியில் இருந்தபோது ஒருவரையொருவர் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை), நிர்வாக அதிகாரி அவர்களே, நான் இன்னும் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கும் கணக்கு அதிகாரி அவர்களே, ஊழியர் சங்கச் செயலாளர் அவர்களே, விஞ்ஞானிகளே, மாணவர்களே. கடைசியாக, ஆனால் மனதில் முதலாவதாக, மண்டபத்தின் பின்பக்கம் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் பணிமனைத் தோழர்களே. முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். வரமாட்டீர்கள், தெரியும். முப்பத்தொரு வருஷம் பார்த்திருக்கிறேன்.

அரசு ஆய்வகத்தில் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார் இயக்குநர். மூன்று விஷயம் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். ஒன்று, நேரம். இரண்டு, கோப்பு. மூன்று, பல்கலைக்கழகமா அரசு ஆய்வகமா என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. மூன்றாவதுதான் முக்கியம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நேரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அரசு ஆய்வகம் தருகிற பெரிய சொத்து அதுதான். சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும், சோதனை தோற்றாலும் வரும். அதைச் சொல்லிக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் பத்து வருஷம், இருபது வருஷம் ஒரே அளவை ஒரே இடத்தில் எடுத்துக்கொண்டே இருக்கிற வேலையை வேறு யார் செய்வார்கள்? அண்டார்டிகாவில் ஹாலி பே என்ற நிலையத்தில் பிரிட்டிஷ்காரர்கள் 1950களின் பின்பாதியிலிருந்து தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அளந்துகொண்டே வந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. 'இதை இன்னும் எதற்கு அளக்கிறீர்கள்' என்று கேட்க ஒரு மறு ஆய்வுக் குழு எங்கேயும் இருக்கும், அதை விடுங்கள். 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூன்று பேரும் சேர்ந்து, வசந்த காலத்தில் அங்கே ஓசோன் சரிந்துகொண்டே போகிறது என்று எழுதினார்கள். இரண்டே வருஷத்தில், 1987இல், உலக நாடுகள் உட்கார்ந்து, ஓசோனை அழிக்கிற வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்த மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டன. அந்தப் பழைய சலிப்பூட்டும் எண்கள் இல்லையென்றால் புதிய எண்ணை எதோடு ஒப்பிடுவது?

ஹவாயில் மௌனா லோவா மலையில் 1958 மார்ச்சிலிருந்து கரியமில வாயுவை அளக்கிறார்கள். முதலில் பத்து லட்சத்தில் 313 பங்கு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்த வரைபடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1964இல் சில மாதங்களுக்கு அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மலையோ வானமோ அதற்குக் காரணம் இல்லை, பணம் வெட்டப்பட்டதுதான். எனக்கு அந்த வரைபடத்திலேயே பிடித்த இடம் அந்த ஓட்டை. கணக்கு அதிகாரி அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் பாட்டி ஒரு பழமொழி சொல்வாள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. தேர் எவ்வளவு உயரம், எத்தனை சிற்பம், எத்தனை பேர் வடம் பிடிக்கிறார்கள், எல்லாம் சரி. சக்கரம் கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு விரல் நீளத்து இரும்பு ஆணி. அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஏனென்றால் அது கீழே இருக்கிறது.

ஒரு கதை சொல்கிறேன். நான் சேர்ந்த முதல் வருஷம். ஆய்வகத்தின் பெயர் வேண்டாம். எனக்கு ஒரு வெற்றிடக் கலத்தைக் கொடுத்தார்கள், உள்ளே மெல்லிய உலோகப் படலம் படிய வைக்க வேண்டும். அதற்கு உள்ளே இருக்கிற காற்றை இழுத்து இழுத்து, வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்குக்குக் கொண்டுவர வேண்டும். என் கலம் ஒரு கோடியில் ஒரு பங்கு வரைக்கும் ஜம்மென்று இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. முள் அசையவே இல்லை. பதினொரு நாள். நான் அப்போதுதான் முனைவர் பட்டம் வாங்கி வந்தவன், பெயருக்கு முன்னால் அந்த எழுத்தைச் சேர்த்து எழுதிப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்த காலம். வாயு இயக்கவியல் சமன்பாடுகளை எல்லாம் போட்டு, பம்பின் இழுக்கும் வேகம் குறைந்துவிட்டது என்று நிரூபித்தேன். நான்கு பக்கம். புதுப் பம்ப் வேண்டும் என்று கோப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டேன்.

பக்கத்துக் கூடத்தில் ஒரு தொழில்நுட்ப உதவியாளர் இருந்தார். ஓய்வுபெற ஏழெட்டு மாதம்தான் பாக்கி. அவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம், இயக்குநரும் அப்படித்தான். பதினொராவது நாள் சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பம்ப் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார்.

"பம்ப் மேல பழி போடாதீங்க சார். அது நல்லாத்தான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. "கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன் அண்ணே" என்றேன்.

"கணக்கு சரியாத்தான் இருக்கும் சார். மூடியை எத்தனை தடவை திறந்தீங்க?"

நாளுக்கு இரண்டு மூன்று தடவை, என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய் ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் ஆல்கஹால் எடுத்து வந்தார். கலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு சொட்டு. கசிவு இருக்கிற இடமென்றால் சொட்டு உள்ளே இழுபட்டு, அழுத்தம் காட்டுகிற முள் அசையும். சொட்டு விடுவார், முள்ளைப் பார்ப்பார், அடுத்த இடம். அவசரமே இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மேல் மூடியின் விளிம்பில், நானே தினமும் கை வைத்துத் திறக்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு சொட்டு விட்டதும் முள் துள்ளியது. பதினொரு நாளாக அசையாத முள்.

பம்பை அடைத்துவிட்டு, காற்றை உள்ளே விட்டு, மூடியைத் தூக்கினோம். ரப்பர் வளையத்தை எடுத்துக் கண்ணால் பார்க்கவே இல்லை அவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக உருட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. நகத்தால் எதையோ கிள்ளி எடுத்து, மேசை விளக்கு வெளிச்சத்தில் என் முன்னால் நீட்டினார்.

ஒரு தலைமுடி. வளையத்துக்குக் குறுக்கே படுத்திருந்திருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் விழுந்த நூலளவு இடைவெளி வழியாகத்தான் காற்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

யார் முடி என்றா கேட்கிறீர்கள்? அண்ணன் அப்போதே வழுக்கை. நானா? நீங்கள் சிரிக்கலாம், அந்தக் காலத்தில் எனக்கு நிறைய இருந்தது.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குக் கலம் நூறு கோடியில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. மறுநாள் காலை முதல் வேலையாக என் நான்கு பக்கக் கோப்பைத் திரும்ப வாங்கப் போனேன். கிடைக்கவில்லை. கோப்பு மேலே போகும், கீழே வருவதற்கு வேறு கோப்பு எழுத வேண்டும். பதினாலு மாதம் கழித்து புதுப் பம்ப் வந்து இறங்கியது. அப்போது அண்ணன் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவர் இடம் காலி. நான் ஓய்வுபெறும் வரைக்கும் காலியாகத்தான் இருந்தது.

இதைத்தான் சொல்கிறேன். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

இரண்டாவது கோப்பு என்றேன் இல்லையா, அதைப் பாதி சொல்லிவிட்டேன். மிச்சம் கொஞ்சம். மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும், குறைந்த விலைக்காரருக்கே கொடுக்க வேண்டும். மக்கள் பணம், நியாயம்தான். நிதியாண்டு முடிகிற மாதத்தில் மட்டும் எல்லாருக்கும் திடீரென்று எல்லாமே தேவைப்படும், அதுவும் உலகப் பொது. ஒரு வருடம் தணிக்கைக்கு வந்தவர் பதிவேட்டைப் புரட்டி, இருநூறு லிட்டர் திரவ நைட்ரஜன் வாங்கியிருக்கிறீர்கள், இருப்பில் காணோமே என்று கேட்டார். அது மைனஸ் 196 டிகிரியிலேயே கொதிக்கிற சாமான் ஐயா, காற்றோடு போய்விட்டது என்றேன். "போனதற்கு ரசீது?" என்றார். இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கற்றுக்கொடுத்த விதி அது, எனக்குக் கற்றுக்கொடுத்த விதி வேறு. இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் சம்பளம் வாங்கினோம். அவ்வளவுதான் கோப்பு.

மாணவர்களே, பெரிய பெயர்களை எல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். குவாண்டம் கொள்கை என்றால் பிளாங்க். அவர் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு வானத்திலிருந்து பிடித்தது போலத்தான் நாம் படிக்கிறோம். 1887இல் பெர்லினில் ஜெர்மன் அரசு ஓர் அளவியல் ஆய்வகம் தொடங்கியது. அங்கே வேலை என்ன தெரியுமா, விளக்குகளின் வெளிச்சத்தை அளக்க ஒரு நிலையான அளவுகோல் கண்டுபிடிப்பது. தொழில்துறைக்குத் தேவைப்பட்ட சாதாரண வேலை. அதற்காக ஒரு வெற்றுக் குழியைச் சூடாக்கி, அதிலிருந்து வருகிற கதிர்வீச்சை வருஷக்கணக்கில் அளந்தார்கள். 1900 அக்டோபரில் அங்கே அளந்துகொண்டிருந்த ரூபன்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாங்க் வீட்டுக்குப் போய், அந்தக் கதிர்வீச்சுக்கு இருந்த பழைய சூத்திரம் நீள அலைகளில் பொருந்தவில்லை என்று சொன்னார். அன்று சாயங்காலமே பிளாங்க் புதுச் சூத்திரம் எழுதிவிட்டார். குவாண்டம் கொள்கை அதிலிருந்துதான் பிறந்தது. எழுதியவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அளந்தவர்கள் பெயர் அடிக்குறிப்பில். அந்த உலையை இழைத்து, கம்பி சுற்றி, உடையாமல் சூடாக்கிய கைகளுக்கு அடிக்குறிப்பும் இல்லை.

பெனிசிலினும் அப்படித்தான். ஃபிளெமிங் தெரியும், ஃப்ளோரி தெரியும், செயின் தெரியும், 1945இல் நோபல் வாங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பாத்திரம் பண்டம் கிடைக்காத போர்க்காலத்தில் நோயாளிகளின் படுக்கைத்தட்டு மாதிரியில் பீங்கான் கலம் செய்ய வைத்து, பால் கேனையும் குளியல் தொட்டியையும் கோர்த்து மருந்தைப் பிரித்தெடுத்த நார்மன் ஹீட்லி? 1941 ஜூலையில் அவரும் ஃப்ளோரியும் அமெரிக்காவில் பீயோரியாவில் இருந்த அரசு விவசாய ஆய்வகத்துக்குப் போனார்கள். ஃப்ளோரி கிளம்பிவிட்டார், ஹீட்லி அங்கேயே தங்கி வேலை செய்தார். அந்த ஆய்வகத்தின் அன்றாட வேலை, மிஞ்சிப்போகிற விளைபொருளை எதற்காவது பயன்படுத்த முடியுமா என்று பார்ப்பது. மக்காச்சோள ஆலையில் மிஞ்சும் ஊறல் நீரை எதில் வேண்டுமானாலும் ஊற்றிப் பார்க்கிற பழக்கம் அவர்களுக்கு. பெனிசிலின் தருகிற பூஞ்சைக்கும் ஊற்றினார்கள். விளைச்சல் பல மடங்கு ஏறியது. அப்புறம் 1943இல் பூசணம் பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்து இன்னும் நல்ல பூஞ்சை வகை கிடைத்தது. ஹீட்லிக்கு ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ மருத்துவ முனைவர் பட்டம் கொடுத்தது 1990இல். நோபல் பரிசுக்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம்.

சரி, இயக்குநர் அவர்களே, இப்போது நேராகவே கேட்டுவிடுகிறேன். விழாவுக்குக் கூப்பிட்டவரிடம் மனு கொடுப்பது மரியாதை இல்லை, தெரியும். போன வருஷமும் கொடுத்தேன். காலையில் உங்கள் கண்ணாடி ஊதும் அறைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரே ஒருவர் இருக்கிறார். ஒரு குளிர்விப்புக் குழாயைத் தீயில் சுழற்றிக்கொண்டே என்னிடம் பேசினார், தீயின் நிறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கை ஒரு கணம் நிற்கவில்லை. நின்றால் கண்ணாடி தொங்கிவிடும். அடுத்த மாதம் ஓய்வு என்றார். அவருக்குப் பிறகு யார் என்று கேட்டேன். ஊதுவதை நிறுத்தாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

நான் கேட்பது இதுதான். ஒருவர் போன பிறகு அந்த இடத்தை நிரப்பலாமா என்று யோசிக்காதீர்கள். போவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே ஒரு பையனோ பெண்ணோ அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கண்ணாடி, வெற்றிடம், கடைசல், மின்னணு, நான்குக்கும். விதியில் இடம் இல்லை என்பார்கள். ஒரே பதவியில் இரண்டு பேருக்குச் சம்பளம் போட முடியாது என்பார்கள். கணக்கு அதிகாரி தலையாட்டுகிறார் பாருங்கள். ஐயா, என் தலைமுடிக்காக நீங்கள் வாங்கிய பம்பின் விலையில் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை வருஷம் உதவித்தொகை கொடுத்திருக்கலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். விழா முடிந்ததும் காட்டுகிறேன். நான்கு பக்கம் இல்லை, ஒரு பக்கம்தான். அப்புறம் இன்னொன்று, கட்டுரைகளில் நன்றியுரையில் கடைசி வரியாகப் போடுகிறீர்களே, "பணிமனைக்கு நன்றி" என்று, பணிமனைக்கு ஏது காது? ஆள் பெயரைப் போடுங்கள். அச்சாணி இல்லாத தேர்... சரி, இதோடு மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

பல்கலைக்கழகமா அரசு ஆய்வகமா என்ற விஷயத்துக்கு வருகிறேன். அதில் முதலில் நீங்கள்... தலைவர் இரண்டாவது துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். முதல் சீட்டில் "ஐந்து நிமிடம்" என்று எழுதியிருந்தது. இதில் ஒன்றும் எழுதவில்லை, வெறும் சீட்டு. மாணவர்கள் வெளியே வந்து என்னைப் பிடியுங்கள், கண்ணாடி அறைப் பக்கம்தான் நிற்பேன். வணக்கம்.