நாக்குக்கு அடியில் பத்து நிமிஷம்

நேயர்களுக்கு வணக்கம்.

காலை ஒன்பது மணி. ஒரு பெரிய மருத்துவமனையின் பின்பக்கம், பிணவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன அறை. (இந்த மாதிரி சிகிச்சைக்கு எப்போதும் இப்படி ஒரு மூலைதான் ஒதுக்குவார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு உரையே ஆற்றலாம்.) வாசலில் நிற்கும் பன்னிரண்டு பேரில் ஒருவர் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோ ஓட்டுநர். முறை வந்ததும் நர்ஸிடம் அட்டையை நீட்டுகிறார். நர்ஸ் மாத்திரையைப் பொடித்து, "நாக்கைத் தூக்குங்க" என்று சொல்லி, பொடியை நாக்குக்கு அடியில் கொட்டுகிறார். இனிப் பத்து நிமிஷத்துக்கு அவர் பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. வயிற்றுக்குள் போனால் மருந்தில் பெரும்பகுதியை ஈரல் சிதைத்துவிடும், அதனால்தான். கரைந்த பிறகு நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்லி இன்னொரு முறை பார்ப்பார். ரெஜிஸ்டரில் கையெழுத்து. ஒன்பதரைக்கு அவர் முதல் சவாரியில் இருப்பார்.

அந்த மருந்தின் பெயர் புப்ரெநார்ஃபின். பிரவுன் சுகர், ஹெராயின், வலி மாத்திரையைக் கரைத்துப் போடும் ஊசி என்று அபின் வகைப் போதையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நாங்கள் தருவது. முப்பது வருஷம் இந்தப் பிரிவில் வேலை பார்த்த மனநல மருத்துவன் நான். இத்தனை வருஷமும் வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஒரு போதையை விட்டுட்டு இன்னொரு போதையா, டாக்டர்?"

ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. எண்பதுகளில் சென்னையில் பிரவுன் சுகர் புழங்கியது. ஜிகினாத் தாளில் வைத்துச் சூடுகாட்டிப் புகையை இழுப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பலர் ஊசிக்கு மாறினார்கள். அவர்கள் ஏற்றிக்கொண்டது என்ன தெரியுமா? இதே புப்ரெநார்ஃபின். வலிக்காக மருந்துக் கடைகளில் ஆம்பூலில் வந்ததை வாங்கி, தூக்க மருந்தோடும் அலர்ஜி மருந்தோடும் கலந்து நரம்பில் ஏற்றினார்கள். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தார்கள். எச்.ஐ.வி. இந்த ஊரில் பரவிய வழிகளில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் "அதையே மருந்தாகத் தருகிறோம்" என்றால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்?

சரி, அப்படியானால் வித்தியாசம் எங்கே? டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அபின் வகை மருந்துகள் வந்து உட்காருவதற்கென்றே நம் மூளையில் இருக்கைகள் உண்டு. ஹெராயின் தடாலென்று ஏறும், ஆட்டம் போடும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இருக்கை காலியானதும் உடம்பு அலறும். கொட்டாவி, மூக்கில் தண்ணீர், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் யாரோ திருகுவது போல ஒரு நோவு. அந்த நோவுக்குப் பயந்துதான் அடுத்த ஊசி. சந்தோஷத்துக்காக ஊசி போடும் காலம் சீக்கிரமே முடிந்துவிடும்.

புப்ரெநார்ஃபின் துண்டு போட்டு உட்காரும் ஆள். நாக்கடியில் மெதுவாக ஏறும், அரைகுறையாகத்தான் வேலை செய்யும், ஆனால் ஒரு நாள் முழுக்க எழுந்திருக்காது. அதற்கு மேல் ஹெராயின் போட்டாலும் உட்கார இடமிருக்காது. அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் மூச்சை அமுக்கும் குணம் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். சாராயத்தோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் மட்டும் அந்தப் பாதுகாப்பு செல்லாது. இன்னொரு சங்கதியும் உண்டு. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை இது பிடித்துத் தள்ளிவிடும். அதனால் உடம்பு நோவு தொடங்கும்வரை காத்திருந்துதான் முதல் மாத்திரை தருவோம். "கடைசி ஊசி எப்போ?" என்று நான் கேட்கும்போது போலீஸ் கேட்பது மாதிரி முறைப்பார்கள். பொய் சொன்னால் அவதிப்படப்போவது அவர்கள்தான்.

இந்த வழியைப் பிரபலமாக்கியது நியூயார்க். ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் 1964இல் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு டாக்டர்களும் மேரி ஜீன் க்ரீக் என்ற இளம் டாக்டரும் சேர்ந்து ஹெராயின் அடிமைகளுக்கு மெத்தடோன் என்ற, இதே அபின் வகையைச் சேர்ந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 22 பேரைப் பற்றிய கட்டுரை 1965இல் வெளிவந்தது. நாள் முழுக்க அடுத்த ஊசியைத் தேடி அலைந்தவர்களில் பலர் படிப்புக்கும் வேலைக்கும் திரும்பியிருந்தார்கள். புப்ரெநார்ஃபின் 1966இல் இங்கிலாந்தின் ஹல் நகரில், ரெக்கிட் அண்ட் கோல்மன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நம் வீட்டு டெட்டாலும், வேட்டிக்குப் போடும் ராபின் நீலமும் விற்ற அதே ரெக்கிட்தான்!

பிரான்சில் 1996 முதல் சாதாரணக் குடும்ப டாக்டர்களே புப்ரெநார்ஃபின் எழுதிக் கொடுத்தார்கள். 1995க்கும் 1999க்கும் இடையில் அங்கே அளவு மீறிய போதையால் இறந்தவர்களின் எண்ணிக்கை 79 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இரண்டு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது எனக்குச் சங்கடமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பையன், என்ஜினியரிங் முடித்தவன். எட்டு மாதமாக மாத்திரையில் இருந்தான். வேலைக்குப் போனான், உடம்பு தேறியது. தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமானது. அப்பா வந்தார். "பொண்ணு வீட்ல மாத்திரை அட்டையைப் பார்த்தா என்ன சார் சொல்றது? தைக்குள்ள நிறுத்திக் கொடுத்துடுங்க." பையன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனை நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இரண்டே மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். அப்பா ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் பையன் குளியலறையில் இறந்து கிடந்தான். அவன் ஏற்றிக்கொண்டது பழைய அளவுதான், ஒரு காலத்தில் அவன் உடம்பு தினமும் தாங்கிய அளவு. அந்தத் தாங்கும் சக்தி போய்விட்டது என்பதை அவன் உணரவில்லை. எனக்குத் தெரிந்திருந்தும், அவனுக்கு உறைக்கும்படி நான் சொல்லவில்லை.

பிற்பாடு, 2017இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு ஆய்வு வந்தது. மெத்தடோன் எடுத்துக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரில் வருஷத்துக்குச் சுமார் 11 பேர் இறக்கிறார்கள். சிகிச்சையை விட்டவர்களில் 36 பேர். புப்ரெநார்ஃபினில் இருக்கும்போது இது நாலு, விட்ட பிறகு ஒன்பதரை. அதிலும் மெத்தடோனை நிறுத்திய முதல் நாலு வாரம்தான் மோசம். படித்துவிட்டு அன்றைக்கு ஓ.பி.க்குத் தாமதமாகப் போனேன்.

இதைச் சர்க்கரை வியாதி மாதிரி என்று நோயாளிகளிடம் சொல்வது எங்கள் வழக்கம். எனக்கு அது முழுசாகப் பிடிப்பதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரைப் பார்த்து எந்த மாமனாரும் "எப்ப நிறுத்துவீங்க?" என்று கேட்பதில்லை. தவிர, சிலர் நிதானமாகக் குறைத்து நிறுத்தவும் செய்கிறார்கள். நிறுத்தலாம். அந்தத் தேதியைக் கல்யாணப் பத்திரிகை முடிவு செய்யக்கூடாது.

எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்புப்படி, நம் நாட்டில் அபின் வகைப் போதைக்குச் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் சுமார் 77 லட்சம் பேர். இப்போது தமிழ்நாட்டில் இளைஞர்கள் டாபென்டடால் என்ற வலி மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கரைத்து ஏற்றிக்கொள்கிறார்கள். கரையாத துகள் நரம்பை அடைத்துக் கையே புண்ணாகிவிடும். அந்தப் பையன்களைப் பெற்றவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் 14446 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் உதவியோடு நடக்கும் மையங்களில் ஊசி போடுகிறவர்களுக்கு இந்த மாத்திரை இலவசம். தானாக முன்வந்து சிகிச்சைக்கு வருகிறவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு ஓரளவு பாதுகாப்பும் தருகிறது.

அந்த ஆட்டோ ஓட்டுநரைப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. ஊர் சிவகங்கைப் பக்கம், போக வர மூன்று நாள். தினமும் நேரில் வர வேண்டும் என்ற விதியால் அதற்கு முந்தைய வருஷம் தம்பி கல்யாணத்துக்கே அவர் போகவில்லை. கொரோனா ஊரடங்கில்தான் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழி பரவலாகத் திறந்தது. இந்த முறை மூன்று நாள் மாத்திரையை உறையில் போட்டுக் கொடுத்தோம். "வித்துட மாட்டாரே?" என்று நர்ஸ் என் காதோடு கேட்டார்.

நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வந்து வரிசையில் நின்றார். மொட்டை, கழுத்தில் சந்தனம். நாக்கைத் தூக்கினார், பொடியை வாங்கிக்கொண்டார். பேசக்கூடாது அல்லவா? சட்டைப் பையிலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்து நர்ஸின் ரெஜிஸ்டர் மேல் வைத்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வணக்கம்.